கேசரிக்கு இருபத்தெட்டு நாள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போனது. ஐந்து மாதமாக உறைகூடப் பிரிக்காமல் கடை டிராயரில் கிடந்தது. இன்று பிரித்ததற்குக் காரணம் நாய்.

காலையில் வாசல் தெளிக்கப் போன பஞ்சவர்ணம், "என்னங்க, இங்க ஓடியாங்களேன்" என்று கத்தினாள். கேசரி படுத்திருந்த சாக்கில் ரத்தம். மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு வயது நாய், இருபத்திரண்டு கிலோ, ஒருநாள் சுணங்கிப் படுத்ததில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை டாக்டர் இளங்குமரனிடம் கொண்டுபோனோம். ஈறு வெளுத்திருந்தது, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள், காய்ச்சல் 104.6. ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிளேட்லெட் 32,000. நாய்க்கு இரண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம்.

உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஒரு பாக்டீரியா உள்ளே போய், ரத்தத்தின் வெள்ளை அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறதாம். டாக்ஸிசைக்ளின் 100, காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். "ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு ஓடும். நல்லாயிருச்சுன்னு நிப்பாட்டிராதீங்க. முழுசா இருவத்தெட்டு நாள். காய்ச்சல், சாப்பாடு, மாத்திரை எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க." இருபத்தேழு வருஷமாக வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் கடை வைத்திருப்பவனிடம் இதை இரண்டு தடவை சொன்னார்.

மாத்திரை என் கடையிலேயே இருக்கிறது. மூன்றாவது ரேக், கீழ்த்தட்டு.

கிளம்பும்போது பஞ்சவர்ணத்தின் கட்டைவிரலைப் பார்த்துவிட்டார். நகத்தோரம் பழுப்பாகக் கறை. "உண்ணிய கையாலயாம்மா நசுக்குறீங்க?"

"ஆமா சார். பேன் குத்துற மாதிரிதான். டப்புன்னு ஒடையும்."

உண்மைதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துவைகல் பக்கம் உட்கார்ந்து, கேசரியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஒன்றொன்றாகப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்துக் குத்துவாள். அவளுடைய அம்மா, சித்தி எல்லாரும் தலைப்பேனைக் குத்திப் பழகிய கை. அந்த ஒரு மணி நேரம் நாயும் அவளும் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அந்த நேரத்தில் குறுக்கே போவதில்லை.

டாக்டர் கையுறை போடச் சொன்னார், இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட்டில் போடச் சொன்னார். "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா, பாக்குற டாக்டர்ட்ட உண்ணி விஷயத்தச் சொல்லிருங்க." "காய்ச்சலுக்கு டாக்டர் எதுக்கு சார், நான் எதுக்கு இருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிலருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

ஜூன் 4, புதன்

காலை 103.8. தயிர்ச் சோறு இரண்டு வாய். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறான். வாயைப் பிளந்து நாக்குக்குப் பின்னால் போட்டுத் தொண்டையைத் தடவினேன். போய்விட்டது.

பஞ்சவர்ணத்துக்குக் கடையிலிருந்து கையுறை கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "வழுக்குதுங்க, பிடிபட மாட்டேங்குது" என்று கழற்றித் துவைகல் மேல் வைத்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

102.9. ரத்தம் நின்றுவிட்டது. வாலை ஆட்டினான்.

ஜூன் 6, வெள்ளி

கேசரி 102.2. பால் முழுக்கக் குடித்தான். காலை மாத்திரை 8.10, மாலை 7.45.

பஞ்சவர்ணத்துக்குத் தலைவலி, உடம்பு வலி. தொட்டால் சுடுகிறது. செட் ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

செட் என்றால் எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. காய்ச்சல் என்று வருகிற கூலிக்காரர்கள் டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் அன்றைய வேலை போயிற்று. "போஸண்ணே, ஒரு செட்டு" என்பார்கள். நான்கு மாத்திரை, சின்னக் காகித உறையில், மூன்று வேளைக்கு மூன்று உறை. சந்திரபோஸ் கொடுத்தால் மறுநாள் களையெடுக்கப் போய்விடலாம் என்று விருவீடு கிராமம் வரைக்கும் பேச்சு. எம்.டி. படித்தவர் எழுதுகிற சீட்டைவிட என் கை சீக்கிரம் கேட்கும்.

கடையில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா பார்மசி டிப்ளமோ முடித்த பெண். நான் உறை மடிப்பதைப் பார்த்து, "அக்காவுக்குமா அந்தச் சின்ன மாத்திரை வைக்கிறீங்க?" என்றாள். கஸ்டமரைப் பார் என்றேன்.

ஜூன் 7, சனி

கேசரி 101.8. நாய்க்கு இது சாதாரணச் சூடுதான். பந்தை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் போட்டான்.

பஞ்சவர்ணத்துக்குக் காய்ச்சல் சுத்தமாக இல்லை. எழுந்து மீன் குழம்பு வைத்தாள். "உங்க கை கைதாங்க" என்றாள். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

கேசரி நலம். 101.6.

கடை அரை நாள். பஞ்சவர்ணம் மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். கேசரி கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு வெளியே வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

கேசரி 101.6.

பஞ்சவர்ணத்துக்கு மறுபடி 103. தலையை நிமிர்த்த முடியவில்லை, கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்துகிறதாம். ஆன்டிபயாடிக்கைக் கொஞ்சம் உசத்தியாக மாற்றினேன். சின்ன மாத்திரையை இரண்டாக்கினேன். அதன் பெயரை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. இது கேசரிக்காகப் போட்ட டைரி.

ஜூன் 10, செவ்வாய்

கேசரி 101.4. காலை 8.00, மாலை 7.30.

காய்ச்சல் மத்தியானம் இறங்கி நாலு மணிக்கு மறுபடி ஏறியது. மணிக்கட்டில் சிவப்புச் சிவப்பாக ஏதோ. "வேர்க்குருதாங்க, கரண்டு நின்னு நின்னு வருதுல்ல" என்று அவளே சொன்னாள். உள்ளங்கையிலும் இருந்தது. கணுக்காலிலும். உள்ளங்கையில் வேர்க்குரு வந்து நான் பார்த்ததில்லை. விசிறிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேசரியின் வயிற்றிலும் இதே மாதிரிதான் புள்ளி இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது எனக்கே தெரியாது.

காலையில் பஞ்சவர்ணம் காபித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். உசிலம்பட்டியிலிருக்கும் அவளுடைய அண்ணன் ரத்தினவேலுக்குப் போன் செய்தேன். காரோடு வந்து, "ஏன் மாப்ள, அஞ்சு நாளா வீட்ல வச்சா பாத்தீக?" என்றார். மச்சானுக்கு நான் மருந்துக் கடைக்காரன் என்பதே ஒரு குறை. கவர்மென்ட் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார், பஞ்சவர்ணம்தான் என்னைக் கட்டினாள். இருபத்தாறு வருஷமாகியும் அவருக்கு அது ஆறவில்லை.

டாக்டர் ஜமீலா பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது. பிளேட்லெட் 41,000. பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்திருக்கிறது. கேள்வி கேள்வியாகக் கேட்டார்.

"வீட்ல என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?"

"வெறும் பாராசிட்டமால்தான் டாக்டர். நானும் மெடிக்கல் லைன்தான்."

"கையில இருக்கிற சிவப்பு எப்போ வந்துச்சு?"

"வேர்க்குரு. கோடையில இவளுக்கு வழக்கமா வரும்."

"நாய், மாடு எதுவும் வளர்க்கிறீங்களா? உண்ணி உண்டா?"

மச்சான் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பஞ்சவர்ணம் கண் மூடிக் கிடந்தாள்.

"நாய் ஒண்ணு இருக்கு டாக்டர். ஊசி போட்டுச் சுத்தமா வச்சிருக்கோம். உண்ணி கிண்ணி எல்லாம் கெடையாது."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எனக்கு வாயைத் திறந்து மாற்றிச் சொல்ல ஒரு முழு நிமிஷம் இருந்தது. அவர் பேனாவை மூடுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

காலை பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். கேசரிக்கு இன்று ரத்தப் பரிசோதனை. போகாமல் விட்டிருக்கலாம். போனேன்.

பிளேட்லெட் 1,10,000. டாக்டர் இளங்குமரனுக்கு மகிழ்ச்சி. டைரியைக் கேட்டார். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன், பையில்தான் இருந்தது. "அம்மா வரலையா?" என்றார். வெளியூர் போயிருக்கிறாள் என்றேன்.

பிறகு நானே கேட்டேன். "சார், நம்ம கஸ்டமர் ஒருத்தருக்கு அஞ்சாறு நாளாக் காய்ச்சல். அவங்க வீட்டு நாய்க்கும் இதே மாதிரி. அதான், ஒட்டுமான்னு..."

அவர் நாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நாய்ட்ட இருந்து ஒட்டாது. உண்ணிட்ட இருந்து வரும். கிருமி வேற ஜாதி, ஆனா உண்ணி அதேதான். கடிக்கணும்னுகூட இல்ல. நசுக்கும்போது அந்தச் சாறு நகக்கண்ணு கீறல்ல பட்டா போதும். உள்ளங்கை, உள்ளங்கால்ல செவப்புத் தடிப்பு இருக்கா அவருக்கு?"

"கேக்கல சார்."

"கேளுங்க. மருந்தும் இதேதான், நீங்க கேசரிக்குக் குடுக்குற டாக்ஸிதான். சீக்கிரம் ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்ரும். லேட்டாச்சுன்னா கிட்னி, மூளை, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிரும், ஆள் தப்புறதே கஷ்டம். மத்த ஆன்டிபயாடிக் எதுவும் கேக்காது. யாரு சார் அந்தக் கஸ்டமர்? இப்பவே போன் போடுங்க."

போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேசரிக்கு மாலை மாத்திரை கொடுத்தேன். வாயைப் பிளந்தேன், போட்டேன், தொண்டையைத் தடவினேன். ஒன்பது நாளாக இந்த வீட்டில் சரியான மருந்து சரியான நேரத்துக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. நாய்க்கு.

ஜூன் 13, வெள்ளி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம்தான் பார்க்கலாம், ஒருவர்தான் போகலாம்.

சட்டைப் பையில் ஒரு ஸ்டிரிப் டாக்ஸி இருந்தது. முந்தின நாளே எடுத்து வைத்துவிட்டேன். யோசனை எளிமையானது. ஒன்றை அவள் வாயில் போட்டு இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டால் போதும். நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று. காய்ச்சல் இறங்கிவிடும், ஆஸ்பத்திரி தன் மருந்துதான் வேலை செய்தது என்று நினைத்துக்கொள்ளும், மச்சான் தங்கள் குலதெய்வம் ஆண்டிசாமிக்கு நேர்ந்துகொண்டதுதான் காரணம் என்பார். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

நர்ஸ் கட்டிலை விட்டு நகரவில்லை. பஞ்சவர்ணத்தின் உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "கேசரிக்குச் சோறு வச்சீங்களா?" என்றாள். வைத்தேன் என்றேன். ஸ்டிரிப்பின் ஓரம் பையைத் தாண்டி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் முடிந்தது.

வெளியே டாக்டர் ஜமீலா நிறுத்தினார். "சார், திரும்பவும் கேக்குறேன்னு நினைக்காதீங்க. எனக்கு இது ஏதோ இடிக்குது. ஊசி போட்டும் காய்ச்சல் எறங்கல. வேற எந்த மாத்திரையும் குடுக்கல, இல்லையா? பூச்சிக்கடி எதுவும் இல்லையா?"

"அன்னிக்கே சொன்னேனே டாக்டர்."

நான் மதுரையில் இருக்கும்போது கேசரியை ஸ்டெல்லாதான் பார்த்துக்கொள்கிறாள். போன் செய்து மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டேன். கொடுத்தாளாம். 101.4. "அக்கா எப்படி இருக்காங்கண்ணே?" என்றாள். பரவாயில்லை என்றேன். "அண்ணே, ஆஸ்பத்திரில எல்லாத்தையும் சொல்லிட்டீங்கல்ல?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதிப் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் போய்விடுவாளோ என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டில் எது பெரியது என்று எழுதக் கை வரவில்லை.

ஜூன் 14, சனி

பதினொரு மணிக்கு உள்ளே போனபோது மூக்கில் குழாய். விழுங்கத் தெரியவில்லை, புரையேறுகிறது, அதனால் போட்டோம் என்றாள் நர்ஸ். கையைத் தொட்டுக் கூப்பிட்டேன். கண் திறந்தது, என்மேல் நிற்கவில்லை. "ரெங்கா, மாட்டை அவுத்து விடுடா" என்றாள். ரெங்கன் அவளுடைய தம்பி. ஏழு வயதில் கிணற்றில் விழுந்து செத்தவன்.

வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்துக் கிடந்தது.

குழாய்க்குள் மாத்திரையைப் போட முடியாது. திருட்டுத்தனத்துக்கு வழி இல்லாமல் போனதால்தான் வாயைத் திறந்தேன். இதை நாளைக்கு வேறு மாதிரி எழுதத் தோன்றும், அதனால் இன்றே எழுதி வைக்கிறேன்.

டாக்டர் ஜமீலா வராந்தாவில் மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தார். சிறுநீரகம் குறைந்துகொண்டே வருகிறது, இன்று மாலைக்குள் டயாலிசிஸ் பற்றி முடிவெடுக்க வேண்டும், மூச்சு திணறினால் வென்டிலேட்டர். மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் பையிலிருந்து ஸ்டிரிப்பை எடுத்து டாக்டர் முன்னால் நீட்டினேன்.

"இது எங்க நாய்க்குக் குடுக்குறது டாக்டர். உண்ணிக் காய்ச்சல் அதுக்கு. இவ கையாலதான் தினம் உண்ணி குத்துவா."

ஸ்டிரிப்பை வாங்கிப் பார்த்தவர் நேராக உள்ளே போனார். கதவு மூடுவதற்குள், "சிஸ்டர், டாக்ஸி டிரிப்ல உடனே போடணும், ஃபார்மசிக்கு ஆளனுப்புங்க" என்று கேட்டது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"முதல் நாளே எனக்கு அந்தச் சந்தேகம் இருந்துச்சு சார். அதான் கேட்டேன். வெளியாள் சொல்லியிருந்தா நம்பாம அந்த மருந்தையும் சேர்த்துப் போட்டிருப்பேன். நீங்க மெடிக்கல் லைன்னு சொன்னதால நம்பினேன்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய்த் தூரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

பஞ்சவர்ணம் 103.2. கேசரி 101.4.

ஜூன் 16, திங்கள்

காலை 101. பதினொரு மணிக்கு 100.2. மாலை 99.6. கேசரியைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

99. சிறுநீர் போகிறது. டயாலிசிஸ் வேண்டியிருக்காது என்றார்கள். மச்சான் வராந்தாத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நான் காபி வாங்கிக்கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை. ஆறிப்போன பிறகு நானே குடித்தேன்.

ஜூன் 18, புதன்

என்னைத் தெரிந்துகொண்டாள். "எளைச்சுட்டீங்க" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

சாதாரண வார்டு. இட்லி ஒன்று சாப்பிட்டாள்.

மச்சான் ஆரம்பித்தார். "அந்த நாயக் கொண்டுபோய் எங்கயாவது மலைப்பக்கம் விட்டுட்டு வாங்க மாப்ள. வீட்டுக்கு அவ வரும்போது அது இருக்கக் கூடாது." கேசரி வேறு யார் வீட்டு நாயோ என்பது போல நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து பஞ்சவர்ணம், "நாய் என்னண்ணே பண்ணுச்சு?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டர் ஜமீலா வந்தபோது நானும் இருந்தேன். சிரித்த முகமாகத்தான் கேட்டார். "இப்போ நல்லா ஞாபகம் இருக்குல்லம்மா? காய்ச்சல் வந்த மொதல் நாள் வீட்ல என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"செட்டு டாக்டர். நாலு மாத்திரை. மூணு பெரிசு, ஒண்ணு சின்னது, வெள்ளையா. அப்புறம் சின்னத ரெண்டா குடுத்தாக. அது போட்டாத்தான் ஜோரா இருந்துச்சு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் இந்த டைரியில்கூட எழுதாமல் விட்ட பெயரை அவர் முன்னால் சொன்னேன். டெக்ஸாமெதசோன். ஸ்டீராய்டு. காய்ச்சலை அமுக்கிக் காட்டும், உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கும். ஊருக்கு அதைத்தான் கை என்று இருபத்தேழு வருஷமாகக் கொடுத்து வந்திருக்கிறேன்.

பஞ்சவர்ணம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூன் 21, சனி

கடைக்குப் போனேன். "போஸண்ணே, ஒரு செட்டு" என்று ஒரு பெண் வந்தாள். டாக்டரிடம் போம்மா என்றேன். "டாக்டர்ட்டயா? என்னண்ணே கோவம்?" என்று சிரித்தாள். உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன். வினோதமாகப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனாள். அங்கேயும் செட் உண்டு.

ஸ்டெல்லா சின்ன மாத்திரை டப்பாவை ரேக்கிலிருந்து எடுத்து உள்ளே பூட்டி வைத்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வீடு வந்தாள். எலும்பும் தோலுமாக, மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு. கேசரி ஊளையிட்டுக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான், மேலே தாவவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து அவன் காதை விரித்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடா, சுத்தமா இருக்கே" என்றாள். வலது கை விரல் இரண்டும் கட்டுப் போட்டிருந்தது. ஒன்றின் நுனி போய்விடும், இன்னொன்று பிழைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் வாரம் ஒரு தடவை போடுகிற உண்ணி மருந்து, வீடு முழுக்கத் தெளிக்கிற மருந்து, கொல்லைச் சுவர் வெடிப்புக்குச் சிமென்ட் பூசியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி

கேசரி 101.2. மாத்திரை 8.00, 7.30.

மூன்று நாளாக அவள் என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். குழம்புக்கு உப்பு போதுமா, கரண்டு பில் கட்டியாச்சா, எல்லாம். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டால் என்ன பதில் சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அது வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் பதின்மூன்றாம் தேதியே சொல்லியிருந்தால் அந்த விரல் பிழைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? பன்னிரண்டாம் தேதி எனக்குத் தெரியும் என்பது தெரியுமா? தெரியாது. இந்த டைரிக்கு மட்டும்தான் தெரியும்.

டைரி இரண்டு நாளாகச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வைத்தது ஃபிரிட்ஜ் மேல்.

ஜூன் 30, திங்கள்

இருபத்தெட்டாம் நாள். கேசரிக்குப் பிளேட்லெட் 2,40,000. மாலை 7.30க்குக் கடைசி மாத்திரை. டாக்டர் இளங்குமரன் தேதி வாரியாக எழுதியதைப் பார்க்க வேண்டும் என்றார். கேசரி சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதுனதில்ல சார்" என்றார்.

மத்தியானம் நடந்ததை எழுதிவிட்டு இதை மூடிவிடப் போகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் பஞ்சவர்ணம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை வலிக்கிறதா என்றேன். லேசாக என்றாள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. வெயில்தான். பாராசிட்டமால் ஒன்றும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். இடது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். தோல் உரிந்து புதுத் தோல் வந்துகொண்டிருக்கிற கை.

வாயில் போடவில்லை. மாத்திரையைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்ன மாத்திரைங்க?"

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. நான் பெயரைச் சொன்னேன்.

"அட்டையக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். ஒரு மாத்திரைக்காகக் கத்தரித்த துண்டு அது, மருந்தின் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகக் கூட்டினாள். நாலு எழுத்தோடு நின்றுவிட்டது. மீதித் துண்டு கடையில் இருக்கிறது, போய் எடுத்துவரட்டுமா என்றேன்.

"வேணாம்ங்க, எதுக்கு அலையிறீங்க" என்றாள். கோபமே இல்லை, வெயிலில் போகாதீங்க என்று சொல்கிற அதே குரல். மாத்திரையை ஜன்னல் கட்டையில் வைத்தாள். தண்ணீரை மட்டும் குடித்தாள்.

"தலவலிதான. பொறுத்துக்கிறேன்."

பிறகு கேசரியைக் கூப்பிட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். மாத்திரை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.